கடலை வெட்டிக் கட்டின வீடுகள்!

தூத்துக்குடி என்றதும் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது எது? மக்ரூன்? உப்பு? முத்து? வ.உ.சி. விட்ட கப்பல்? எல்லாமே சரிதான். ஆனால், இந்த வாரம் நாம பார்க்கப் போறது இதெல்லாம் இல்லை. சுவர்! ஆமாம் பாஸ்... வீட்டுச் சுவரும், அது தாங்குற கூரையும்தான்.

‘சுவரைப் பார்க்கவா பஸ் ஏறிப் போகணும்?’னு முறைக்காதீங்க. மே மாதம், மதியம் இரண்டு மணிக்கு பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடற்கரைப் பக்கமா கொஞ்ச தூரம் நடந்து பாருங்க. வெயில் ஒரு பக்கம் வறுக்கும். கடல் காற்று வருதேனு சந்தோஷப்பட்டா, அதுல இருக்கிற ஈரம் வேர்வையைக் காய விடாது. சட்டை முதுகோட ஒட்டிக்கும். அதே தெருவில் நவம்பரில் நடந்தால் கதையே வேற. வாடைக் காற்று அடிக்கும். மழை கொட்டும். துவைச்சுப் போட்ட ஜீன்ஸ் மூணு நாள் ஆனாலும் காயாது. டப்பாவை மூட மறந்தா மக்ரூன் நமுத்துப் போகும். சுவரை ஒட்டி வைத்த செமஸ்டர் நோட்டில் பூஞ்சை வாசம் அடிக்கும்.

ஆக, இந்த ஊர் வீடுகளுக்கு ரெண்டு வில்லன்கள். ஒருத்தர் பெயர் வெயில். இன்னொருத்தர் பெயர் ஓதம்.

சுவரில் ஈரம் கசிந்து நிற்பதைத்தான் நம்ம வீட்டுப் பெரியவங்க ‘ஓதம் அடிச்சிருக்கு’ என்பார்கள். அகராதியைப் புரட்டினால், அதே சொல்லுக்குக் கடல், அலை, வெள்ளம் என்றும் பொருள் இருக்கிறது. தூத்துக்குடிக்காகவே செய்து வைத்த சொல் மாதிரி இல்லை? இங்கே கடல் கரையோடு நிற்பதில்லை. வீட்டுக்குள் வந்து சுவரிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எப்படி வந்தது, யார் கூட்டி வந்தது என்பதுதான் இந்த டூர்!

பனி மாதாவும் பருத்தித் தெருவும்

முதல் ஸ்டாப், பனிமய மாதா பேராலயம். 1713-ல் கட்டி முடித்தது. 1982-ல் ‘பசிலிக்கா’ அந்தஸ்து பெற்றது. ரோம் நகரில், கொளுத்தும் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு குன்றின் மேல் பனி பெய்ததாகச் சொல்லும் பழைய கதையில் இருந்து வந்த பெயர் இது. அதனால்தான் இங்கே ஆகஸ்ட் 5-ம் தேதி திருவிழா. பனியைக் கண்ணால் பார்த்திராத ஊரில் பனி மாதா! வெயிலில் வெந்து வந்து அந்தக் கோயிலுக்குள் நுழைகிறவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் தெரியும். தடித்த சுவர், உயரமான கூரை. வெளியில் இருக்கிற சூடு உள்ளே வர யோசிக்கும்.

அங்கிருந்து கிரேட் காட்டன் ரோடு பக்கம் நடங்க. கரிசல் காட்டுப் பருத்தி மூட்டை மூட்டையாக வந்து கப்பல் ஏறிய காலத்தில் பெயர் வாங்கிய தெரு. இப்போது ஜவுளிக்கடை போர்டுகளும் மொபைல் கடை போர்டுகளும் மறைத்து நிற்கின்றன. ஆனால் போர்டுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால், சந்து பொந்தில் எட்டிப் பார்த்தால், இன்னும் சில பழைய வீடுகள் மிச்சம் இருக்கு. தெரிஞ்சவங்க யாராவது இருந்தால், கேட்டுக்கொண்டு ஒரு நிமிடம் உள்ளே போய் நில்லுங்க. ஃபேன் போடாமலே ஒரு ‘அப்பாடா’ வரும்.

அந்த ‘அப்பாடா’வுக்குப் பின்னால் மூன்று விஷயங்கள் இருக்கு.

ஒண்ணு, கூரை. பழைய மச்சு வீட்டுக் கூரைக்கு இன்ஜினீயரிங் புத்தகத்தில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பெயர். தேக்கு உத்திரத்தின் மேல் மரச் சட்டங்களை அடுக்குவார்கள். அதற்கு மேல் சின்னச் சின்ன, ஒரு அங்குல கனச் செங்கற்களைப் படுக்க வைக்காமல், செங்குத்தாக, மூலைவிட்டமாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுமார் மூன்று அங்குலம் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. வெயில் இத்தனை அடுக்கையும் தாண்டி உள்ளே வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்!

ரெண்டு, காற்று. கடலோடிகளுக்கு ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர் உண்டு. வடக்கே இருந்து வருவது வாடை. கிழக்கே கடலில் இருந்து வருவது கொண்டல். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, மழையை எல்லாம் கேரளாவிலேயே இறக்கிவிட்டு, காய்ந்து சூடாக வருகிற மேல்காற்றுக்குக் கச்சான். பழைய வீடுகளில் எதிரெதிர் ஜன்னல், நடுவில் முற்றம், உயரமான உத்தரம்... எல்லாமே இந்தக் காற்றுகளுக்கு வழிவிடத்தான். சூடான காற்று மேலே போகும், முற்றம் வழியாக வெளியேறும். கீழே ஆள் ஜில்லென்று உட்கார்ந்திருப்பார்.

மூணு, சுவர். கதையே இங்கேதான் ஆரம்பிக்குது.

சுவருக்குள் ஒரு கடல்

பூச்சு உதிர்ந்த ஒரு பழைய மதில் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்க. செங்கல் இருக்கும்னு நினைச்சா, சில இடங்களில் வேறு ஒன்று இருக்கும். வெளிறிய நிறம். தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன ஓட்டை. சிலதில் நட்சத்திரம் நட்சத்திரமாக டிசைன். அது கல் இல்லை மக்கா... ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பவளம்! முருகைக்கல் என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலும் பழைய வீடுகளுக்கு இதே முருகைக்கல்தான்.

பவளம் என்பது கடலுக்கடியில் கூட்டமாக வாழும் சின்ன உயிரினம். தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டும். அது செத்த பிறகும் கூடு நிற்கும். அதன் மேல் அடுத்த தலைமுறை கட்டும். இப்படியே நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்ததுதான் பவளப்பாறை. அந்தக் கல்லுக்குள் எண்ணற்ற ஓட்டைகள், ஓட்டைகளுக்குள் காற்று. அசையாமல் நிற்கிற காற்றைப் போல வெப்பத்தைத் தடுக்கிற பொருள் அரிது. கம்பளி, தெர்மாகோல்... இரண்டிலும் வெப்பத்தைத் தடுக்கிற சூத்திரம் ஏறக்குறைய இதுதான். தடியாக, ஓட்டை ஓட்டையான கல்லில், சுண்ணாம்புக் காரை பூசிக் கட்டினால் வீடு ஏன் குளுகுளுனு இருக்காது?

கல்லாகப் பயன்பட்டது கொஞ்சம். காளவாசலில் போட்டுச் சுட்டு, சுண்ணாம்பாகப் பயன்பட்டது நிறைய. போகப் போகத் தொழிற்சாலைகளுக்கும் மூலப்பொருளாகப் போனது. இந்த ஊரில் பவளம் எவ்வளவு சகஜம் என்றால், ஒரு பஞ்சாலைக்கே ‘கோரல் மில்’ என்றுதான் பெயர். 1908-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தினார்களே, அதே மில்தான்!

தீவு எங்கே போச்சு?

இப்போ கடற்கரைக்கு வாங்க. கிழக்கே பாருங்க. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை, கரைக்கு எதிரே ஒரு மாலை மாதிரி 21 தீவுகள் இருந்தன. எல்லாவற்றையும் சுற்றிப் பவளப்பாறைகள். 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்ட பகுதி இதுதான்.

ஏன் ‘இருந்தன’ என்று சொன்னேன்? இப்போது வெளியில் தெரிவது 19 தான். தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லி, கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுற்றிலும் இருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்ததே முக்கியக் காரணம் என்கிறார்கள் கடல் ஆய்வாளர்கள்.

லாஜிக் சிம்பிள். பவளப்பாறைதான் தீவுக்குச் சுவர். வருகிற அலை முதலில் அதில் மோதி, வேகம் குறைந்து, அப்புறம்தான் மணலைத் தொடும். சுவரை உடைத்து எடுத்துவிட்டால் அலை நேராக மணலைக் கரைக்கும். தூத்துக்குடிக்கு மிக அருகில் இருக்கும் வான் தீவு, 1986-ல் சுமார் 16 ஹெக்டேர். 2014-ல் மிஞ்சியது சுமார் 2 ஹெக்டேர். பக்கத்தில் காரியாசல்லித் தீவு 1969-ல் சுமார் 21 ஹெக்டேராக இருந்தது. இன்றைக்கு அதில் சிறு பகுதிதான் மிச்சம்.

முத்து விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். முத்துச் சிப்பி ஒட்டி வளரும் கடலடித் திட்டுக்கு இங்கே ‘பார்’ என்று பெயர். ‘முத்துக்குளித்துறை’ என்று உலகமே அறிந்த இந்தக் கரையில், அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துபோனது. அதற்குக் காரணங்கள் பல. ஆனாலும், கடலடி வளம் தேய்ந்துகொண்டே போன கதையில் அதுவும் ஒரு அத்தியாயம்.

2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கிற அதே பட்டியல்! 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, கரையோர மக்களுக்கே பாறையின் அருமை புரிந்தது. 2005 வாக்கில் பவளம் வெட்டுவது நின்றது.

அந்த அருமை என்ன என்பதை இலங்கையின் தென்மேற்குக் கரை பாடமாகவே காட்டியது. ஹிக்கடுவையில் பவளப்பாறை காப்பாற்றப்பட்டிருந்தது. அங்கே சுனாமி கொஞ்ச தூரம்தான் ஊருக்குள் வந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, பாறை வெட்டப்பட்டிருந்த பெரலியவில் அலை ஒரு ரயிலையே புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரே ரயிலோடு போனார்கள். இந்த வித்தியாசத்தை 2005-லேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

சரி... இப்போ ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. பழைய வீட்டின் குளுமைக்காக ஊர் எடுத்துக்கொண்டது, ஊரைக் காத்து நின்ற சுவரை! அந்தக் காலத்து ஆட்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கையில் கிடைத்த பொருளில் கட்டினார்கள். ஆனால் ‘அந்தக் காலத்து வீடு மாதிரி வருமா?’ என்று பெருமூச்சு விடும்போது இந்த பில்லையும் சேர்த்துத்தான் படிக்கணும். பவளத்துக்குத் திரும்பிப் போக முடியாது. போகவும் கூடாது.

நைட் அடுப்பு

அடுத்த ஸ்டாப், புதுத் தூத்துக்குடி. மில்லர்புரம், பிரையண்ட் நகர், அதையும் தாண்டி நாளுக்கொரு லே-அவுட். நீங்க ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற ஆளாக இருந்தால், பெரும்பாலும் மொட்டை மாடிக்கு நேர் கீழேதான் ரூம் கிடைத்திருக்கும். வாடகை கம்மி. ஏன் கம்மினு ஏப்ரல் மாசம் தெரியும்!

நாலைந்து அங்குல கான்க்ரீட் தளம். மேலே எதுவும் இல்லை. கோடை வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டலாம். கான்க்ரீட் அந்தச் சூட்டைப் பகல் முழுக்கக் குடிக்கும். சூரியன் போன பிறகு நிதானமாகக் கீழே இறக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு வெளியே காற்று இதமாக வீசும். உள்ளே ஃபேன் போட்டால் அனல் இறங்கும். ஃபேன் மேல தப்பே இல்லை பாஸ். கூரைதான் அப்போ அடுப்பு.

இதற்கு ஒரு கணக்கு இருக்கு. ஏ.சி., ஃப்ரிட்ஜில் எல்லாம் ஸ்டார் ஒட்டுகிற மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், 2018-ல் வீடுகளுக்கு ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று ஒரு விதித் தொகுப்பு கொண்டு வந்தது. உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது அது. வெறும் கான்க்ரீட் தளத்தில் கடப்பது, ஏறக்குறைய இதைப் போல மூன்று மடங்கு!

அதைக் குறைக்க இன்னும் தடியாகக் கான்க்ரீட் போட்டால்? வேஸ்ட். ஒரு அங்குல தெர்மாகோல் தடுக்கிற வெப்பத்தைத் தடுக்க, 40 அங்குலத்துக்கும் மேல் கான்க்ரீட் வேணும். பவளக் கல்லில் இருந்த அதே காற்று ஓட்டை சூத்திரம்தான் தெர்மாகோலிலும். கடலை வெட்டாமலே கிடைக்குது.

உப்பு ஜாடி சொல்ற ரகசியம்

வெயிலுக்கு வழி தெரிஞ்சுடுச்சு. அடுத்த வில்லன், ஓதம்.

ஊருக்கு வெளியே வாங்க. சாலையின் இரு பக்கமும் உப்பளம். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பின் தலைநகரம் தூத்துக்குடி. மழைக்காலம் நெருங்கினால், குவித்து வைத்த உப்பு அம்பாரங்களுக்குப் பனை ஓலையைப் போர்த்திவிடுவார்கள். உப்புக்கு ஈரம் ஆகாது என்பது உப்பளத் தொழிலாளிக்குத் தெரியும். நம்ம வீட்டுச் சுவருக்குத் தெரியாதே!

விஷயம் இதுதான். காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தண்ணீராக நீர்த்துவிடும். அடுப்படி ஜாடியில் உப்பு கசிந்து நிற்கிற நாளைக் கவனிச்சிருக்கீங்களா? அதே நாளில் சுவரும் கசியும். ஏனென்றால் சுவருக்குள்ளும் உப்பு இருக்கு. கடல் காற்றோடு வந்து படிந்தது கொஞ்சம். அடி மண்ணில் இருந்து ஈரத்தோடு ஏறியது கொஞ்சம். உப்புத் தண்ணீரில் சிமென்ட் குழைத்ததால் வந்தது கொஞ்சம். மழையே பெய்யாமல் சுவர் வேர்ப்பது இதனால்தான்.

வெயில் வந்தால் ஈரம் காயும், உப்பு மட்டும் படிகமாக நிற்கும். படிகம் வளரும்போது பூச்சைத் தள்ளும். ‘உப்பு பூத்திருச்சு’, ‘சுவர் பொரிஞ்சு கொட்டுது’ என்று நாம சொல்வது இதைத்தான். உப்பு கான்க்ரீட்டுக்குள் இருந்தால் இன்னும் ஆபத்து. உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். கான்க்ரீட் பிளக்கும். அதனால்தான் கம்பி போட்ட கான்க்ரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கடற்கரை மணலை அள்ளி வீடு கட்டுவது எவ்வளவு பெரிய வம்பு என்று இப்போ புரியும்.

பழைய வீட்டில் இதே ஓதம் இல்லையா? இருந்தது. ஆனால் சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். ஈரம் வரும், அதே வழியில் வெளியே போகும். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன் வெள்ளை அடிப்பார்கள். பொரிந்தது உதிரும், புதுசு ஏறும். அந்தச் சுவர் மேல் ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பளபளவென்று பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்? ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இடுப்பு உயரத்துக்கு ஏறும். காசு கொடுத்து வாங்கின நோய்!

திருச்செந்தூர் ரோட்டில் அரை நாள் கிடைத்தால் காயல்பட்டினம் போய் வாங்க. பழைய வீடுகளுக்கு நடுவே ‘முடுக்கு’ என்று குறுகலான சந்துகள். ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கு நிழல் தரும். வெயிலுக்கு அற்புதமான ஊர். அந்த ஊரில்தான் 2023 டிசம்பர் 17, 18-ல் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரியை விட அதிகம். தூத்துக்குடியும் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றது.

தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் வேலை, கறையை மறைக்கப் பெயின்ட். பொறுமை மக்களே! ஊறிய சுவர் காய, ஒரு அங்குல கனத்துக்குச் சுமார் ஒரு மாதம் ஆகும் என்பது கட்டடக்காரர்களின் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் முக்கால் வருஷம். அதற்குள் மூடினால், வெள்ளத்தையே வீட்டுக்குள் வைத்து பூட்டுகிற மாதிரி.

சரி, என்னதான் செய்யறது?

ஐரோப்பாவில் வீட்டை இறுக்கி மூடினால் கதகதப்பு நிற்கும். இங்கே அதை அப்படியே காப்பி அடித்தால் பூஞ்சைதான் வளரும். மேலே சொன்ன அதே விதித் தொகுப்பு, குளிர்ப் பிரதேச வீட்டில் தரைப்பரப்பில் 12-ல் ஒரு பங்கு அளவுக்குத் திறக்கும் ஜன்னல் போதும் என்கிறது. தூத்துக்குடி மாதிரி சூடும் ஈரமும் சேர்ந்த ஊருக்கு 6-ல் ஒரு பங்கு. அதாவது 10-க்கு 12 அடி ரூமுக்கு, வெளிப்பக்கம் திறக்கிற ஜன்னலும் கதவும் சேர்த்து 20 சதுர அடி. இங்கே சூத்திரம் இவ்வளவுதான்: கூரையை மூடு, சுவரைத் திற!

வாடகை ரூம் பார்ட்டிகளுக்கு: வீட்டுக்கார அண்ணாச்சியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மார்ச் கடைசியில் நண்பர்களோடு சேர்ந்து மொட்டை மாடிக்கு வெள்ளை அடிங்க. சுண்ணாம்பு, கொஞ்சம் ஒயிட் சிமென்ட், ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் பசை. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். மழையில் கரைந்தால் அடுத்த வருஷம் இன்னொரு முறை. தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே ‘கூல் ரூஃப்’ கொள்கை கொண்டு வந்திருக்கிறது. சும்மா தமாஷ் இல்லை! ஒரு விஷயம்... அறைக்குள் சீலிங்கில் வெறும் தெர்மாகோலை ஒட்டாதீங்க. தீப்பிடித்தால் நச்சுப் புகை.

வீடு கட்டப் போறவங்களுக்கு: தெர்மாகோல் போர்டு தளத்துக்கு மேலே வரணும். அப்போதுதான் கான்க்ரீட்டே நிழலில் இருக்கும். ஒன்றரை அங்குலம் போட்டாலே அந்த 1.2 வாட் கணக்குக்குக் கீழே வந்துவிடும். அதன் மேல் நீர்த்தடுப்பு, சிமென்ட் பூச்சு, வெள்ளை ஓடு. பட்ஜெட் இல்லையா? செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போடுங்க. பேஸ்மட்டத்தில் ஓதத் தடுப்பு அடுக்கை மறக்கவே கூடாது. மேற்கு ஜன்னலுக்கு மேல் நீளமான சன்ஷேடு. கிழக்கில் பெரிய ஜன்னல், எதிர்ச் சுவரில் அது வெளியேற வழி. கலவைத் தண்ணீரை லேபில் சோதிக்கச் சொல்லுங்க. கொத்தனார் அண்ணாச்சி சிரிச்சாலும் பரவாயில்லை.

ஆச்சி வீடு, தாத்தா வீடு வைத்திருப்பவர்களுக்கு: சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. பொரிந்த சிமென்ட் பூச்சைத் தட்டி எடுத்து, காய விட்டு, காரை பூசச் சொல்லுங்க. பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். கரைந்து மறுபடியும் உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, அள்ளிக் கொட்டிவிடுங்க. சுவரை ஒட்டிய பீரோவை நாலு விரல் தள்ளி வையுங்க. அவ்வளவுதான்.

‘இடிச்சுட்டு கான்க்ரீட்ல கட்டிரலாம்’ என்ற பேச்சு உங்க வீட்டிலும் ஒரு நாள் வரும். மரம் உளுத்து, ஆபத்தாக நிற்கிற வீட்டை இடிக்கத்தான் வேணும். ஆனால் வெறும் ஓதத்துக்காக இடிக்கிறார்கள் என்றால் ஒரு நிமிடம் குறுக்கே பேசுங்க. அந்தக் கல்லுக்கு ஏற்கெனவே ஒரு தீவு விலை கொடுத்தாச்சு. இடித்துக் குப்பையில் கொட்டினால், அந்த விலைக்கு யாருக்கும் ஒண்ணும் கிடைக்காது.

கடைசியாக ஒரு செய்தி. தேய்ந்துபோன வான் தீவைச் சுற்றி, 2015-ல் தொடங்கிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் தமிழக அரசோடு சேர்ந்து செய்த வேலை இது. ஓட்டை ஓட்டையான, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய கட்டிகள். அலையின் வேகம் குறைந்தது. தீவு தேய்வது மட்டுப்பட்டது. கட்டிகளைச் சுற்றி மீன்கள் வந்தன. மேலே பவளக் குஞ்சுகள் ஒட்டி வளரத் தொடங்கின.

அந்தக் கட்டிகள் எதில் செய்தது தெரியுமா? கான்க்ரீட்! பவளம் நம்ம வீட்டுச் சுவரில் நிற்குது. வீட்டுக்கு வர வேண்டிய கான்க்ரீட், பவளத்துக்குப் பதிலாகக் கடலுக்குள் காவல் நிற்குது. அடுத்த தடவை தூத்துக்குடி போனால், மக்ரூன் வாங்கிட்டு அப்படியே ரெண்டையும் பார்த்துட்டு வாங்க.